யாருக்கு விடுதலை?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், சாட்சிக் கையெழுத்திட வருமாறு நண்பரொருவர் நம்மை அழைத்தார். ஆசிரியர் கையெழுத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டல்லவா! மறுக்காமல் சென்றோம். சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் குடும்பமே கூடியிருந்தது. தந்தை மறைந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அண்ணன்மார் இருவர், தங்கை ஒருத்தி. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அவள், விடியற்காலைப் பேருந்தில் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்திருந்தாள். பத்திர எழுத்தர் தாள்களைப் புரட்டினார். "எங்கே போடணும் அண்ணா?" என்று கேட்டாள் தங்கை. "இங்கே போடும்மா" என்றார் நண்பர். போட்டாள். எத்தனை ஏக்கர், இன்று என்ன விலை, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு எவரும் சொல்லவுமில்லை. அவள் கையெழுத்துக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், நாமும் நம் பெயரை எழுதினோம்.

எழுதிய பிறகுதான் பத்திரத்தின் தலைப்பைப் படித்தோம். 'விடுதலைப் பத்திரம்' என்றிருந்தது.

விடுதலை! எத்தனை ஏற்றமிகு சொல்! எத்தனை பேர் அந்தச் சொல்லுக்காகச் சிறை சென்றனர், செக்கிழுத்தனர், செத்து மடிந்தனர்! அந்தச் சொல்லை இங்கே எதற்குச் சூட்டியிருக்கிறார்கள் பாருங்கள். மகள் தன் தந்தையின் மண்ணிலிருந்து விலகிக்கொள்வதற்குப் பெயர் விடுதலை! விடுதலை பெற்றது யார்? அவளா? அவள் வந்த பேருந்திலேயே, வந்த கையோடு திரும்பிப் போனாள். விடுதலை பெற்றது நிலம், அவளிடமிருந்து! அந்த வினா அன்றிலிருந்து நம்மை விடவில்லை. சாட்சிக் கையெழுத்திட்டவன் சும்மா இருக்கலாகுமா? இருந்த நூல்களைப் புரட்டினோம். சட்டம் அறிந்த நண்பர்களைக் கேட்டோம். அறிந்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

ஒருவர் இறந்ததும் அவருடைய சொத்து இன்னாருக்கு இவ்வளவு என்று சட்டம் கணக்குச் சொல்கிறது. உயில் இருந்தால் உயில் சொல்கிறது. ஆனால் சட்டமோ உயிலோ சொன்னது சொன்னபடியே நடந்தாக வேண்டுமா? வேண்டியதில்லை. வாரிசுகள் அனைவரும் ஒருமனப்பட்டால், அந்தக் கணக்கை மாற்றி வேறு வகையாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்குக் 'குடும்ப ஏற்பாடு' என்று பெயர். சிற்றூர்களில் பெரியவர்களைக் கூட்டிவைத்துத் திண்ணையில் எழுதிக்கொண்ட கூறுசீட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. இந்துச் சட்டத்துக்கு உட்பட்டோர் மட்டுமல்ல, கிறித்தவரும் இசுலாமியரும்கூட, பங்கு கைக்கு வந்தபின் தமக்குள் ஒப்பி மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு கெடுவே வைத்திருக்கிறார்கள். இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், பயன்பெறுவோர் எழுத்து மூலம் பங்கை மாற்றிக்கொண்டு, முறைப்படி அறிவித்தால், வரிக் கணக்கில் அந்த மாற்றத்தை இறந்தவரே செய்ததாகக் கொள்ளலாம் என்கிறது அந்நாட்டின் 1984ஆம் ஆண்டு மரபுரிமை வரிச் சட்டம். இறந்தவர் விட்ட பிழையை இருப்பவர் திருத்தலாம் என்பதே அதன் பொருள்.

நம் நாட்டில் இதுபற்றித் தெளிவான தீர்ப்பொன்று 1976ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் பிறந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சென்ற வழக்கு அது. மறைந்த ஒருவரின் நிலத்தை அவருடைய மகள்களும் மகள் வயிற்றுப் பேரனும் உடன்பாட்டால் பிரித்துக்கொண்டனர். பின்னர் அந்த உடன்பாடு செல்லாது என்று வாதம் எழுந்தது. நீதிமன்றம் உடன்பாட்டையே தாங்கிப் பிடித்தது. ஏமாற்று, மிரட்டல், தகாத செல்வாக்கு எதுவுமின்றி, நல்லெண்ணத்தோடும் மனமொப்பியும் செய்துகொள்ளப்பட்ட குடும்ப ஏற்பாடு அனைவரையும் கட்டுப்படுத்தும். அதன் பயனைத் துய்த்தவர் பின்னர் புரட்டிப் பேச முடியாது. குடும்பத்தில் அமைதி நிலவ வழிசெய்யும் இத்தகைய ஏற்பாடுகளை அற்பமான காரணங்களுக்காகக் குலைக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆக, சட்டப் புத்தகத்துக்கு வெளியே ஓர் அதிகாரம் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த அதிகாரம் இருமுனைக் கத்தி. சட்டம் தராததை ஒருவருக்குத் தரவும் அதனால் முடியும். சட்டம் தந்ததை ஒருவரிடமிருந்து பறிக்கவும் முடியும். நம் நாட்டுக் குடும்பங்கள் அதை எந்த முனையால் பயன்படுத்தின? இதுதான் நாம் கேட்கவேண்டிய வரலாற்றுக் கேள்வி.

பழங்கதையிலிருந்து தொடங்குவோம். நூற்றாண்டுக் கணக்கில் நம் மீது ஆட்சி செலுத்திய மிதாட்சர முறையின்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளியாகப் பிறக்கிறான். மகள்? அவள் பிறக்கிறாள், அவ்வளவுதான்! மணமாகும் வரை சோறு, மணமாகும்போது செலவு, அதன்பின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர். பங்கு என்ற பேச்சே இல்லை.

இந்த முறை அரண்மனைப் பெண்ணைக்கூட விடவில்லை. 1801ஆம் ஆண்டு கும்பினியார் சிவகங்கைச் சமீனைக் கௌரி வல்லபத் தேவருக்கு அளித்தனர். 1829ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மனைவியர் இருந்தனர்; மகள்கள் இருந்தனர்; மகன் இல்லை. உடனே உடன்பிறந்தார் மகன் முன்வந்து, குடும்பம் பிரியாத குடும்பம், ஆதலால் சமீன் ஆண் வழிக்கே உரியது என்று கைப்பற்றிக்கொண்டார். மனைவி வழக்காடினார்; மகள் காத்தம நாச்சியார் வழக்காடினார். வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து கடல்கடந்து இலண்டனுக்கும் சென்றது. 1863ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிற்று: சமீன் கௌரி வல்லபரின் தனிச் சொத்து, அது மகளுக்கே சேரும் என்று. முப்பத்து நான்கு ஆண்டுகள்! அதன் பின்னும் வாரிசு வழக்குகள் ஓயவில்லை.

வெற்றிதானே என்பீர்கள். ஆம், வெற்றிதான். ஆனால் எதனால் வந்த வெற்றி? சொத்து தனிச் சொத்து என்று மெய்ப்பிக்க முடிந்ததால் வந்தது. பெண்ணும் ஆணும் நிகர் என்று மன்றம் கண்டதால் வந்ததன்று. மகன் ஒருவன் இருந்திருந்தால் காத்தம நாச்சியாரின் பெயரே ஏட்டில் ஏறியிராது. மேலும், சமீன் வீட்டு நாச்சியாருக்கு இலண்டன் வரை வழக்காட வகை இருந்தது. வாய்க்கால் கரையில் அரை ஏக்கர் விட்டுச் சென்ற உழவனின் மகள் எந்த மன்றத்தின் படியேறுவாள்?

இந்த அநீதியைக் கண்டித்து, ஊரறிய மேடையேறிப் பேசிய இயக்கம் தமிழ்நாட்டிலே தோன்றிற்று. 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். அன்று அந்தத் தீர்மானத்தைக் கேட்டு நகைத்தவர் பலர். குடும்பம் குலைந்துபோகும் என்று கூக்குரலிட்டவர் பலர்.

சட்டம் மெல்லத்தான் நடந்து வந்தது. 1937ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது; கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு என்றது. அதுவும் அவள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் பங்குதான். மகளுக்கு அதில் எதுவுமில்லை. இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவர அண்ணல் அம்பேத்கர் போராடினார். அது முடங்கிப் போகவே, 1951ஆம் ஆண்டு அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். பதவி விலகலுக்கு அவர் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. பின்னர் 1956ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகள், மகனோடு ஒரே வரிசையில் வாரிசாக நின்றாள்.

நின்றாள், ஆனால் கணக்கைப் பாருங்கள். தாயில்லாத ஒரு குடும்பம். தந்தை, மகன்கள் இருவர், மகள் ஒருத்தி. பரம்பரை நிலம் 9 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். தந்தை இறக்கிறார். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் தந்தையும் மகன்கள் இருவரும் ஆளுக்கு 3 ஏக்கர் பிரித்துக்கொண்டதாகக் கருதவேண்டும். பிறகு தந்தையின் 3 ஏக்கரை மட்டும் மூன்று மக்களும் சமமாகப் பங்கிட வேண்டும். முடிவில் மகன்களுக்கு ஆளுக்கு 4 ஏக்கர். மகளுக்கு 1 ஏக்கர்! சமத்துவம் என்ற பெயரில் ஒன்றுக்கு நான்கு! தந்தை வாழ்ந்த வீட்டிலோ, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பிரிவினை கேட்கவே முடியாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு பூட்டுப் போட்டது.

இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்கவேண்டும். சட்டம் 4, 4, 1 என்று சொன்ன அந்நாளில், அண்ணன்மார் இருவரும் தங்கையை அழைத்து, "நாம் மூவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், 3, 3, 3 என்றே பிரித்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்க எது தடுத்தது? எதுவுமில்லை. குடும்ப ஏற்பாடு என்ற வழி திறந்தே கிடந்தது. அந்த வழியில் எத்தனை அண்ணன்மார் நடந்தனர்? தங்கைக்கு விதித்த அந்த ஒரு ஏக்கரையும் விடுதலை எழுதி வாங்கியவர்களையே ஊர்தோறும் காண்கிறோம்.

செங்கற்பட்டுத் தீர்மானம் நிறைவேறி அறுபது ஆண்டுகள் கழிந்த பின், 1989ஆம் ஆண்டு, கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அந்தக் கணக்கை மாற்றியது. மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்றாயிற்று. 1989 மார்ச் 25 முதல் செயற்படும் வகையில், 1990ஆம் ஆண்டின் முதற் சட்டமாக அது ஏட்டில் ஏறிற்று. அதற்கு முன் ஆந்திரம் 1986ஆம் ஆண்டிலேயே இதைச் செய்திருந்தது. மேலே சொன்ன 9 ஏக்கர் இப்போது மூன்று மக்களுக்கும் மும்மூன்றாகப் பிரியும். பெருமைப்படத்தக்க சட்டம், ஐயமில்லை. ஆனால் அதிலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அந்த நாளுக்கு முன் மணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே வீட்டில் அக்காளுக்கு 1988இல் திருமணம். தங்கைக்கு 1990இல் திருமணம். தங்கை பங்காளி, அக்காள் விருந்தாளி!

கோடு கிழிக்காமல் சட்டம் இயற்றுவது எளிதன்று. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. பிரெஞ்சுப் புரட்சியை எண்ணிப் பாருங்கள். அந்நாட்டின் நார்மண்டிப் பகுதியில், உடன்பிறந்த ஆண் இருந்தால் பெண்ணுக்குப் பங்கில்லை என்பது பழவழக்கம். புரட்சி அரசு 1791ஆம் ஆண்டு, உயிலின்றி இறந்தோர் சொத்தை மக்கள் அனைவரும் சமமாகப் பெறவேண்டும் என்று சட்டமியற்றியது. 1794ஆம் ஆண்டு இன்னும் ஓரடி முன்வைத்து, 1789 ஜூலை 14 முதல் நடந்த பங்கீடுகளையும் மாற்றிப் பிரிக்க ஆணையிட்டது. தங்கைகள் அண்ணன்மார் மீது உரிமை கோரி எழுந்தனர். எதிர்ப்புக் கிளம்பிற்று, மனுக்கள் குவிந்தன, மறு ஆண்டே, 1795இல், பின்னோக்கிச் செல்லும் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் மகனும் மகளும் சமம் என்ற நெறி அழியவில்லை. பெண்களை வேறு பல வகையில் தாழ்த்திய நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அதைக் காத்தது. இதிலிருந்து நாம் கற்பது என்ன? சட்டம் முன்னோக்கி எளிதில் நடக்கும். பின்னோக்கி நடக்கையில் இடறும். நேற்று வஞ்சிக்கப்பட்டவளின் குறையைத் தீர்க்கச் சட்டத்தைவிடக் குடும்பத்தாலேயே எளிதில் முடியும்.

நம் நாட்டில் அந்தக் குறை தீரக் காலம் பிடித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் சட்டம் திருத்தப்பட்டது. மணமானவள், மணமாகாதவள் என்ற கோடு அழிந்தது. வீட்டுக்குப் பூட்டுப் போட்ட 23ஆம் பிரிவும் நீங்கிற்று. எனினும் 2004 டிசம்பர் 20ஆம் நாளுக்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை. பிறகு, தந்தை அந்த 2005ஆம் ஆண்டு நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வழக்கு எழுந்தது. வேண்டும் என்றது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு கட்டிற்று.

அந்த 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. அதை நம் தோழர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். "வாய்மொழியாக முன்பே பிரித்துக்கொண்டுவிட்டோம்" என்று சொல்லி மகளை விலக்கும் வாதத்தை எளிதில் ஏற்கக்கூடாது. பொது ஆவணங்கள் தெளிவாகத் துணைநிற்கும் அரிய நேர்வுகளில் மட்டுமே ஏற்கலாம் என்று நீதிமன்றம் எச்சரித்தது. ஏன் இந்த எச்சரிக்கை? குடும்ப உடன்பாடு என்ற நல்ல கருவி, மகள்களை விலக்கும் பொய்யாகவும் பயன்படக்கூடும் என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே உணர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டத்தின் கதை இதுவரை. இனி நம் கதைக்கு வருவோம். கசப்பாக இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

புரோகிதரின்றி, மந்திரமின்றி, மாலை மாற்றி மணந்துகொண்ட நம் முன்னோடிகள், சட்டம் வரட்டும் என்று காத்திருந்தார்களா? இல்லை. அத்தகைய திருமணம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த காலமும் உண்டு. அப்போதும் அவர்கள் அஞ்சவில்லை, ஆயிரக்கணக்கில் மணந்தனர், வாழ்ந்தனர். பேரறிஞர் அண்ணாவின் ஆட்சி 1967இல் இயற்றி, 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், அந்தத் திருமணங்களையெல்லாம் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று ஏற்றது. மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் பின்னே வந்தது. வரலாறு படைத்தல் என்பது இதுவன்றோ!

சொத்தில் மட்டும் ஏன் தலைகீழாயிற்று? சட்டம் முன்னே வந்து நிற்கிறது. நாம் பின்னே இழுக்கிறோம். மணமேடையில் தாலியை மறுத்த கை, தந்தை மறைந்ததும் தங்கையிடம் பத்திரத்தை நீட்டுகிறதே! பெண்ணுரிமை பற்றி மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிய நாக்கு, வீட்டுக்குள், "அவளுக்குத்தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோமே" என்று முணுமுணுக்கிறதே! திருமணத்தில் புரட்சி செய்யச் செலவு குறைகிறது. பங்கில் புரட்சி செய்யக் கைப்பொருள் குறைகிறது. அதனால்தான் முன்னது எளிதாயிற்று, பின்னது அரிதாயிற்று என்று பழமை விரும்பிகள் நம்மைப் பார்த்து நகைத்தால், நாம் என்ன விடை சொல்வோம்?

விடை சொல்ல முன்வருவோர் சில காரணங்களை அடுக்குவர். அவற்றையும் பார்ப்போம்.

சீர்வரிசை செய்தோமே, நகை போட்டோமே என்பர். வரதட்சணை 1961ஆம் ஆண்டிலிருந்து குற்றம். குற்றத்தைச் செய்துவிட்டு அதையே பங்கு என்று கணக்கில் எழுதுவது எந்த நியாயம்? போட்ட நகை அவள் கழுத்தில் எத்தனை நாள் இருந்தது? மாமியார் வீட்டுக் கடனுக்கும் மைத்துனன் படிப்புக்கும் அடகுக் கடைக்குப் போயிற்று. அண்ணனின் படிப்புக்குத் தந்தை செலவிட்டாரே, அதை அவன் பங்கிலிருந்து கழித்தீர்களா?

நிலம் துண்டு துண்டாகிவிடும் என்பர். ஐந்து மகன்கள் இருந்தால் ஐந்து துண்டாவது மட்டும் குற்றமில்லையோ? குடும்ப ஏற்பாடு என்ற வழியின் அருமையே இங்கேதான் இருக்கிறது. நிலத்தை வெட்டாமலே நியாயம் செய்ய அது இடந்தருகிறது. உழுபவன் நிலத்தை வைத்துக்கொள்ளட்டும். மற்றவர் பங்குக்கு ஈடான தொகையைத் தவணை வைத்துத் தரட்டும். ஒருவர் வீட்டை எடுக்கட்டும். ஒருவர் தோப்பை எடுக்கட்டும். நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்த மகளுக்குக் கூடுதலாக ஒரு பங்கு கொடுக்கலாம். ஊனமுற்ற தம்பிக்கு வீட்டை முழுதுமே கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பதை நாம் பழிக்கவில்லை. விட்டுக்கொடுக்கும் கடமை எப்போதும் ஒரே பாலுக்கு மட்டும் உரியதாக இருப்பதையே பழிக்கிறோம்.

"அவளே மனமுவந்து எழுதிக் கொடுத்தாள்" என்பர். இதுதான் பெரிய வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே வசதியாக வாழும் தங்கை, வறுமையில் வாடும் அண்ணனுக்கு மனமுவந்து கொடுப்பதும் உண்டு. அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் மனம் உவந்ததா என்பதற்கு உரைகல் ஒன்று உண்டு. எவ்வளவு நிலம், என்ன விலை, சட்டப்படி தன் பங்கு எத்தனை என்பது அவளுக்கு முன்கூட்டித் தெரியுமா? எண்ணிப் பார்க்க நாள்கள் தரப்பட்டனவா, அல்லது கருமாதிக்கு வந்தவளை அப்படியே பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, "முடியாது" என்று அவள் சொல்லியிருந்தால், மறு பொங்கலுக்கு அவளுக்குச் சீர் போயிருக்குமா? அவள் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி கிடைத்திருக்குமா?

பெண்கள் கையெழுத்திடுவதன் உண்மைக் காரணம் இந்தக் கடைசி வினாவில் அடங்கியிருக்கிறது. புகுந்த வீட்டில் அடி விழுந்தால் ஓடி வர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்கு அவள் கொடுக்கும் விலைதான் பத்திரத்திலுள்ள கையெழுத்து. பிறந்த வீட்டுக்குள் நுழைய நுழைவுச்சீட்டாக ஒருத்தி மூன்று ஏக்கர் கொடுக்கிறாள் என்றால், அதற்குப் பெயர் மனமுவந்த ஒப்பமா? மறுக்கும் உரிமை இல்லாதவளின் ஒப்பத்தை ஒப்பம் என்று எந்தப் பகுத்தறிவு ஏற்கும்?

ஆகவே தோழர்களே, வழி என்ன என்று கேட்டால், அது மலையைப் பெயர்ப்பதன்று. வீட்டில் ஒருவர் மறைந்தால், கண்ணீர் காய அவகாசம் கொடுங்கள். பிறகு தாய், மகள், மகன் என்று வாரிசு அனைவரையும் ஒன்றாக அமர்த்துங்கள். பட்டாவையும் பத்திரங்களையும் நடுவில் வையுங்கள். கடன் எவ்வளவு, சொத்து எவ்வளவு, சட்டப்படி யாருக்கு எத்தனை என்று உரக்கப் படியுங்கள். அதன்பின் மாற்றிப் பிரிக்க விரும்பினால், ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லட்டும். தந்தை உயிரோடு இருக்கையிலேயே, "பின்னால் பங்கு வேண்டாம்" என்று மகளிடம் எழுதி வாங்குகிறார்களே, அது வேண்டாம். வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பைக் கைமாற்ற இயலாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே கூறுகிறது. உடன்பாடு வாய்மொழியாகவும் அமையலாம். ஆனால் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை ஒரு பத்திரமே உண்டாக்குகிறது அல்லது நீக்குகிறது என்றால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிந்தாக வேண்டும். பதியுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் வழக்காடாதிருக்க அது நல்ல வேலி.

பிறருக்குச் சொல்வது எளிது. நம் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் தந்தையார் மறைந்து ஓராண்டாகிறது. அவர் தம் உழைப்பால் வாங்கியது 2 ஏக்கர் நன்செய். ஓட்டு வீடு ஒன்று. உயில் எழுதவில்லை. அம்மா, அக்கா, நாம், தம்பி என நால்வர் வாரிசு. ஆளுக்குக் கால் பங்கு. சித்தப்பா வந்தார். "அக்காவைக் கூப்பிட்டு ஒரு விடுதலை எழுதி வாங்கிவிடு, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்" என்றார். 'அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்!' வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு நின்ற தங்கையும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அக்கா வந்தார். நாம் வாய் திறக்கும் முன்பே, "எனக்கு எதுக்குத் தம்பி? எப்பவாவது வந்தா ஒரு வாய் சோறு போட்டாப் போதும்" என்றார். நாம் பட்டாவை அவர் கையில் கொடுத்தோம். அரை ஏக்கர் அவருக்கு என்றோம். இன்றைய விலை இவ்வளவு என்றோம். எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சோற்றுக்கும் சீருக்கும் குறைவில்லை என்றோம். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கிணத்துப் பக்கமா தம்பி, மேட்டுப் பக்கமா?"

ஒன்றும் வேண்டாம் என்றவரின் நெஞ்சில் அந்தக் கேள்வி எத்தனை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்ததோ! கிணற்றுப் பக்கம் அவருக்கு. அம்மா வாழும் வரை வீடு அம்மாவுக்கு. நால்வரும் ஒப்பி எழுதிய அந்தப் பத்திரத்தின் தலைப்பு 'பாகப்பிரிவினைப் பத்திரம்'. சித்தப்பா சாட்சிக் கையெழுத்திட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

நம்மைச் சாட்சிக்கு அழைத்த நண்பரிடமும் பேசினோம். "அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளே, இனி என்ன செய்வது?" என்றார். அவளுடைய பங்கை அவளுக்கே செட்டில்மெண்டுப் பத்திரமாகத் திருப்பி எழுதிவைக்கச் சட்டம் குறுக்கே நிற்காது என்றோம். பார்க்கலாம் என்றார். இன்னும் எழுதவில்லை. காணும்போதெல்லாம் கேட்கிறோம். அந்தப் பத்திரத்தில் நம் கையெழுத்தும் இருக்கிறதே. கேட்காமல் எப்படி இருப்பது?